கேட்டுக்கு வெளியே ஒரு சைக்கிள்

உள்ள வாங்க்கா, பயப்படாம வாங்க. கேட்டுக்கிட்ட நின்னு என்ன தேடறீங்க? நாயி இப்ப இல்லீங்க. போயி ஏழு மாசமாச்சு.

இப்படி உக்காருங்க. அந்தச் சேரு வேணாம், கால் ஆடும். இன்னைக்கு கரண்டு இல்ல, அதனால தறி ஓடல. ஓடுச்சுன்னா நாம ரெண்டு பேரும் கத்தித்தான் பேசிக்கோணும். பழகிருமுங்க. உங்க பொண்ணும் ஒரு மாசத்துல பழகிக்குவா.

தம்பி தறிக்குப் பாவு நூல் எடுக்கப் போயிருக்கான், வந்துருவான். அவன் இல்லாததும் நல்லதுதான். ஆம்பளைங்க இருந்தா உள்ளதப் பேச முடியாது.

பஸ்ஸ விட்டு எறங்கி மொதல்ல பேக்கரியிலதான விசாரிச்சீங்க? இல்லேங்காதீங்க, தப்பில்ல. பொண்ணு குடுக்கறவங்க நாலு எடத்துல விசாரிக்கத்தான் செய்வாங்க. என்ன சொன்னான்? வீட்டுக்கு வந்த பொண்ண நாய விட்டுக் கடிக்க வெச்ச குடும்பம்னானா? சொல்லிருப்பான். எங்க வீட்டப் பத்திப் பேசாட்டி அவங்கடையில டீயே ஓடாது. அதுல பாதி பொய்யிங்க. மீதியும் நடந்தது நடந்த மாதிரி இல்ல. நான் சொல்றேன், கேட்டுக்கிட்டு நீங்களே முடிவு பண்ணுங்க. ஒளிச்சு மறச்சு ஒரு பொண்ணக் கொண்டுவாற பழக்கம் எங்களுக்கு இல்ல.

எங்கய்யன், ஆத்தா ரெண்டு பேரும் இல்லீங்க. பூபதி என்னவிட பன்னெண்டு வருசம் சின்னவன். நாந்தான் தூக்கி வளத்தேன். என்னைய தாராபுரத்துப் பக்கம் கட்டிக் குடுத்தாங்க. ஒரு வருசம் எட்டு மாசம் இருந்தேன். பொறகு வந்துட்டேன். அவங்க இன்னொண்ணு கட்டிக்கிட்டாங்க, அதுக்கு மூணு புள்ளைங்க. அத விடுங்க. அன்னையிலிருந்து இந்த வீடு, இந்தத் தறி, இவன். வேற என்ன இருக்குது எனக்கு?

கோகிலா வந்தது ஏழு வருசத்துக்கு முந்தி. வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் லைன் வீட்டுப் பொண்ணு. வேலை செய்வா, குத்தம் சொல்ல மாட்டேன். வாய் பேச மாட்டா. அதுவே ஒரு திமிருதானுங்க. நாம நாலு வார்த்த பேசுனா திருப்பி ரெண்டு வார்த்த பேசோணும். பேசாம அப்படியே பாத்துக்கிட்டு நின்னா என்ன அர்த்தம்?

அப்பறம் அந்தச் சைக்கிளு. பதினொண்ணாவது படிக்கறப்ப கெவருமெண்டுல குடுப்பாங்கல்ல, நீலக் கலர் லேடீஸ் சைக்கிளு, முன்னால கூடை வெச்சு. சீரோட சீரா அதையும் கொண்டாந்து எறக்குனா. கல்யாணம் ஆன பொண்ணுக்குச் சைக்கிள் எதுக்குங்க? கடைக்குன்னா நான் போறேன். ஆசுபத்திரிக்குன்னா தம்பி வண்டி இருக்குது. ஆனா அவ வெடியால எந்திரிச்சதும் மொதல்ல அதத் தொடச்சுட்டுத்தான் வாசலே கூட்டுவா.

செவலையும் அந்தச் சைக்கிள்லதான் வந்துச்சு. ஆரோ குட்டியச் சாக்குல கட்டி வாய்க்காலோரம் போட்டுட்டுப் போயிருக்காங்க. அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டு வாறப்ப, சத்தம் கேட்டு அவுத்து, முன்கூடையில வெச்சு எடுத்தாந்துட்டா. உள்ளங்கை அகலந்தான் இருக்கும். செம்மண்ணு நெறம். சரி கெடக்கட்டும், தறிக்குடோனுக்குக் காவலாச்சுன்னு நானும் விட்டேன். வேணாம்னு சொன்னனா? சொல்லலீங்க. அத நல்லா மனசுல வெச்சுக்கங்க.

கனிஷ்கா பொறந்தா. எங்க கனி. உள்ளதான் இருக்கா, அப்பறம் கூப்படறேன். அந்தப் புள்ள நாயப் புடிச்சுக்கிட்டுத்தான் நடக்கவே பழகுச்சு.

தம்பி கொஞ்சம் கை நீட்டுவான். நான் மறைக்கல. எந்த ஆம்பள நீட்டல? போன வருசம் ஒரு நாளு தறி நாடா கையில இருந்துச்சு. தெரியுமில்ல, தறியில அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் ஓடுமே, ரெண்டு மூக்குலயும் இரும்பு வெச்ச கட்டை, அதுதான். என்னமோ கேட்டான், அவ வழக்கம்போலப் பாத்துக்கிட்டு நின்னா. வீசிட்டான். நெத்தியில பட்டு ஆறு தையல். குனிஞ்சிருந்தா பட்டிருக்காதுங்க. குனியோணுமில்ல?

தையல் போட்டதும், சைக்கிள எடுத்துக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டா. அன்னைக்குப் பொழுதோட புள்ளைய எடுத்துட்டுப் போக வந்தா. கனி என்ற மடியில தூங்கிட்டிருந்தா. தூங்கற புள்ளைய எழுப்பாத, நாளைக்கு வான்னேன். அவ்வளவுதான் சொன்னேன். மறுநாள் வந்தா, கேட்டப் பூட்டியிருந்தேன். அப்பனுக்குப் பொறந்த புள்ளை அப்பன் வீட்டுலதான இருக்கோணும்?

ஊர்ல நாலு பேரு உக்காந்து பேசுனாங்க. புள்ள இங்கயே இருக்கட்டும், ஞாயித்துக்கெழமை ஆத்தாக்காரி வந்து பாத்துக்கட்டும்னாங்க. சரின்னோம். ரெண்டு ஞாயிறு வந்தா. வந்து பாத்துட்டுப் போனதும் புள்ள ரெண்டு நாளைக்குச் சோறு திங்கலீங்க. கேட்டுக் கம்பியப் புடிச்சுக்கிட்டு நிக்குது. புள்ளையப் பட்டினி போட்டுட்டுப் போறவ ஆத்தாளா? மூணாவது ஞாயிறு நாங்க கோயிலுக்குப் போயிட்டோம். நாலாவது ஞாயிறும் போயிட்டோம். அப்பறம் அவ ஞாயித்துக்கெழமை வாறத விட்டுட்டா.

விட்டுட்டான்னுதான் நெனச்சேன்.

ஆடி மாசம் மில்லுல வேலைக்குச் சேந்துட்டா. மில்லுக்குப் போறதுக்கு ரெண்டு ரோடு இருக்குதுங்க. பைபாஸ் ஏறிப் போனா நல்ல ரோடு, கூட இருக்கற பொண்ணுங்கெல்லாம் அந்தப்பக்கம் கம்பெனி வேன்லயே போறாங்க. இவ வேன் வேணாம்னுட்டு, சைக்கிள எடுத்துக்கிட்டு நம்ம வாசல் வழியா வாறா. சரியா ஏழரை மணி. கனிக்கு ஸ்கூல் வேன் வாற நேரம். கேட்டுக்கு நேரா வந்ததும் ரெண்டே ரெண்டு பெல்லு. டிரிங், டிரிங். நிக்க மாட்டா. மெதுவா மிதிச்சுக்கிட்டே திரும்பிப் பாப்பா. இந்தப் புள்ள, பல்லு வெளக்கிக்கிட்டிருந்தாலும் சரி, சட்டை போடாம இருந்தாலும் சரி, வாயில நொரையோட ஓடும்.

புள்ள ஓடறது கூடப் பரவால்லீங்க. அந்த நாயி! கேட்டு இடுக்குல புகுந்து வெளிய போயி, சைக்கிள் கூடவே ஓடுது. வால ஆட்டிக்கிட்டு, ஊளைமாதிரி ஒரு சத்தம் குடுத்துக்கிட்டு, மில்லு கேட் வரைக்கும் போகுது. போயிட்டு ஒடனே வந்தாலாவது சரி. அவத்தயே வேப்பமரத்தடியில படுத்துக் கெடந்து, சாயங்காலம் அவ சிப்ட்டு முடிஞ்சு வாறப்ப அவகூடவே திரும்பி வருது. வந்து இங்க சோறு திங்குது. எங்க வீட்டுச் சோறு.

பேக்கரியில சிரிச்சாங்க. "சரசாக்கா, உங்க நாயும் மில்லுல வேலைக்குச் சேந்துருச்சா?"ன்னு கேட்டான் அந்தப் பையன். எனக்கு எப்படி இருந்திருக்கும்? தாராபுரத்துல இருந்து வந்தப்பக் கூட ஊரு என்னைப் பாத்துச் சிரிக்கல.

சங்கிலி வாங்கிக் கட்டுனேன். கட்டுனா ஏழரைக்குக் கழுத்து அறுபடற மாதிரி இழுக்குது. அந்தச் சத்தத்துக்குப் புள்ள அழுவுது. அப்பத்தான் யோசிச்சேன். கட்டி வெச்சா ஆகாது, அதுவா வெறுக்கோணும்.

சந்தைக்குப் போயி ஒரு சைக்கிள் பெல்லு வாங்கியாந்தேன். அதே மாதிரி சத்தம் வாற பெல்லு. கடைக்காரன், "என்ன சைக்கிளுங்கக்கா?"ன்னான். லேடீஸ்னேன்.

மத்தியானத்துல, புள்ள ஸ்கூல்ல இருக்கறப்ப, நாயக் குடோனுக்குப் பின்னால கட்டிருவேன். பெல்லு ரெண்டு தடவ அடிப்பேன். டிரிங், டிரிங். அது வால ஆட்டிக்கிட்டு எந்திரிக்கும். தறி பெல்ட்டால போடுவேன். மறுபடியும் பெல்லு, மறுபடியும் பெல்ட்டு. ஆத்திரத்துல அடிக்கலீங்க, அளவாத்தான் அடிச்சேன். அடிச்சு முடிச்சதும் சோறு வெப்பேன், நானே கையால வெப்பேன். அதனால என்ற மேல அதுக்குக் கோவமே இல்ல. பெல்லு மேலதான். நாயிக்கு அவ்வளவுதானுங்க அறிவு.

ஒரு வாரம் வரைக்கும் பெல்லு கேட்டா சுருண்டு படுத்து மூத்திரம் போச்சு. ரெண்டாவது வாரம் பல்லக் காட்டுச்சு. மூணாவது வாரம் சங்கிலியோட தாவுச்சு. எனக்கே ஆச்சரியம். படிக்காதவ நான், அஞ்சாவதோட நின்னுட்டேன். ஒரு நாயிக்குப் பாடம் சொல்லிக் குடுத்துட்டனே!

சனிக்கெழமை, ஞாயித்துக்கெழமைல புள்ள வீட்டுல இருக்கும். உள்ள போயி டி.வி. பாருன்னு அனுப்பிருவேன். ஆனா ஜன்னல்ல வந்து நிக்கும். கம்பியப் புடிச்சுக்கிட்டுப் பாக்கும். "பாக்காத கண்ணு, போ"ன்னுதான் சொல்லுவேன். நான் பாக்கச் சொல்லலீங்க.

ஆவணி மொத வாரம் ஒரு திங்கக்கெழமை, அவுத்து விட்டேன்.

ஏழரைக்கு அவ வந்தா. டிரிங், டிரிங். நாயி கேட்டுக்கு அடியில பூந்து போன வேகம் இருக்குதே! அவ சிரிச்சுக்கிட்டே, "வாடா செவல"ன்னா. பக்கத்துல வந்தப்பறந்தான் அதோட மூஞ்சியப் பாத்தா. ரெண்டு காலையும் தூக்கி ஹேண்டில்பார் மேல வெச்சுக்கிட்டா. பெடல் தானா சுத்துது, நாயி பெடலக் கடிக்குது. இருவது அடி போயி வேலியில சாஞ்சா. முழங்கையெல்லாம் முள்ளு.

மறுநாள் வர மாட்டான்னு பாத்தேன். வந்தா.

அப்பறம் பாத்தீங்கன்னா தெனமும் ஒரு கூத்துதான். கூட வேலை செய்யற பொண்ணுங்க ஆளுக்கொரு யோசனை சொல்லிருப்பாங்க போல. ஒரு நாள் சைக்கிள வேகமா மிதிச்சுத் தப்பிக்கப் பாத்தா. ஓட ஓடத்தான நாயி தொரத்தும்? சுடிதார் கால் கிழிஞ்சுது. இன்னொரு நாள் எறங்கி, சைக்கிளக் குறுக்க நிறுத்திக்கிட்டு, அந்தப்பக்கம் நாயும் இந்தப்பக்கம் அவளுமா, சுத்திச் சுத்தி நின்னுக்கிட்டே கால் மணி நேரம். சிப்ட்டுக்கு லேட்டு. இன்னொரு நாள் தண்ணி பாட்டில். மூஞ்சியில பீச்சுனா கொஞ்சம் பின்னால போச்சு, அவ ஏறி மிதிச்சதும் மறுபடியும் வந்துச்சு. கல்லு எடுக்கற மாதிரி குனிஞ்சும் பாத்தா. ஆனா எறிய மாட்டா. கையில கல்ல வெச்சிருந்த ஒரு நாளு கூட ரோட்டுலதான் போட்டா. பிஸ்கட்டு போட்டா. பிஸ்கட்டத் தின்னுட்டுத் தொரத்துச்சு. அன்னைக்கு நான் வாய் விட்டுச் சிரிச்சுட்டனுங்க, பொய் சொல்லக் கூடாது.

கெண்டைக்காலுக்குச் சாக்குத் துணி சுத்திக்கிட்டு வர ஆரம்பிச்சா. புரட்டாசி, ஐப்பசி பூரா அப்படித்தான். அந்த மழையிலயும். பைபாஸ் ரோடு இருக்குது, வேன் இருக்குது. எதுக்கோசரம் இந்த வழியா வரோணும்? சொல்லுங்க. எல்லாம் கொழுப்புதான?

புள்ளைக்கு மட்டும் ஒண்ணு நல்லா ஆச்சு. பெல்லு சத்தம் கேட்டா முன்ன மாதிரி வெளிய ஓடறதில்ல. உள்ள வந்து கட்டலுக்கு அடியில பூந்துக்கும். ஆத்தாள மறக்க ஆரம்பிச்சுட்டான்னு நான் மாரியாத்தாளுக்கு வெளக்குப் போட்டேன்.

அப்பறம் கார்த்திகையில ஒரு நாளு, சைக்கிள் பெல்லு வேலை செய்யலையோ, மழையில துருப் புடிச்சுக்கிச்சோ, அடிக்காம வந்தா. நாயி கேட்டடியில படுத்திருந்துச்சு. தலையத் தூக்கிப் பாத்துச்சு. எந்திரிச்சுப் போயி, அவ காலச் சுத்திச் சுத்தி வருது. வால ஆட்டுது. நக்குது. அவ பயந்துபோயி நின்னவ, அப்படியே நின்னா. நாயப் பாக்கறா. அதோட முதுகுல கைய வெச்சுத் தடவறா. முடி போயி வரிவரியா இருந்துச்சுங்க, அதையெல்லாம் வெரல்ல தொட்டுப் பாக்கறா. அப்பறம் பெல்லப் பாத்தா. அதை ஒரு தடவ, லேசா, வெரலால தட்டுனா. சத்தம் சரியாக் கூட வரல. நாயி கத்திக்கிட்டுப் பின்னால தாவுச்சு.

அவ நிமிந்து என்னைப் பாத்தா. நான் வாசல்ல வெளக்குமாத்தோட நிக்கறேன். ரோட்டோரம் ஒரு கல்ல எடுத்தா. என்னை அடிக்கத்தான் போறான்னு நெனச்சேன். பெல்லத் தட்டித் தட்டிக் கழட்டி வாய்க்கால்ல வீசிட்டா.

அடுத்த நாளையிலிருந்து சத்தமில்லாம வாறா. கேட்டுக்கு வெளிய சைக்கிள நிறுத்துவா. "கனீ"ன்னு கூப்படுவா. நாயி முன்னங்கால ரெண்டையும் கேரியர் மேல தூக்கி வெச்சுக்கும். மொத ரெண்டு நாள் புள்ள போகல. மூணாவது நாளு கதவுகிட்ட நின்னுச்சு. நாலாவது நாளு கேட்டுக்கிட்டப் போயி, கம்பி வழியாக் கைய வெளிய நீட்டுச்சு. அவ புள்ள கையப் புடிச்சு மூஞ்சியில வெச்சுக்கிட்டு நிக்கறா. புள்ள இன்னொரு கையால நாயி காதப் புடிச்சுக்கிட்டு நிக்குது. மூணும் ஒண்ணா நிக்குதுங்க. நான் ஒருத்தி பின்னால நிக்கறேன், ஆரும் திரும்பிப் பாக்கல.

எங்கிட்ட அந்தப் பெல்லு இருந்துச்சு. மாடத்துலதான் இருந்துச்சு. நான் வேணும்னு எடுக்கலீங்க. கைக்கு வந்துச்சு, அடிச்சேன்.

நாயி அவளப் பாத்துச்சு. என்னையப் பாத்துச்சு. என்ன பண்றதுன்னு தெரியாம ஒரே எடத்துல சுத்துச்சு. மறுபடியும் அடிச்சேன். அப்பறம் விடாம அடிச்சேன். அது அவ கையக் கவ்விருச்சு.

சாதாரணமா நாயி கவ்வுனா நாம கைய இழுப்போம், உதறுவோம், கத்துவோம். அவ இழுக்கல. "செவல, நான்தாண்டா, நான்தாண்டா"ன்னு சொல்லிக்கிட்டே அப்படியே ரோட்டுல உக்காந்துட்டா. அது எவ்வளவு நேரம் புடிச்சிருந்துச்சோ தெரியல. விட்டுட்டு, அவ மடிக்கு அடியில தலைய நொழைக்கப் பாத்துச்சு. ரத்தம் நெம்பத்தான். புள்ள மேலயும் பட்டிருச்சு. யூனிபாரம் வேற, வெள்ளச் சட்டை. ஸ்கூல் வேன் வந்துருச்சு, வேன்ல இருந்த புள்ளைங்கெல்லாம் பாக்குதுங்க. அவமானம் ஆருக்கு? எங்களுக்குத்தான்.

அதத்தான் பேக்கரியில சொல்றாங்க. நாய விட்டுக் கடிக்க வெச்சுட்டாங்கன்னு. நான் எங்க விட்டேன்? நாயி ரோட்டுலதான இருந்துச்சு?

நாலு நாள் கழிச்சு, கையில கட்டுப் போட்டுக்கிட்டு வந்தா. சைக்கிள ஒத்தக் கையில தள்ளிக்கிட்டு வந்து, கேட்டுக்கு வெளிய நின்னு, "அண்ணி"ன்னு கூப்பிட்டா. கல்யாணமாகி வந்ததுல இருந்து அவளா என்னைக் கூப்பிட்டது அதுதான் மொதத் தடவையோ என்னமோ.

"என்ன?"ன்னேன்.

"கனியக் குடுக்க மாட்டீங்கன்னு தெரியும். அதுக்கு வேற வழி பாத்துக்கறேன். செவலைய மட்டும் குடுத்துருங்க அண்ணி. அது என்ன பண்ணுச்சு? நான் கொண்டாந்ததுதான, நானே கொண்டு போயிக்கறேன்."

"கடிச்ச நாய எதுக்குக் கொண்டு போற?"

"அது கடிக்கலீங்க"ன்னா.

எனக்கு ஒடம்பே எரிஞ்சுதுங்க்கா. கையில கட்டு, கட்டுல ரத்தக் கறை, கடிக்கலேங்கறா. அப்ப ஆரு கடிச்சா? நானா கடிச்சேன்?

ஆனா நான் கத்தல. பொறுமையாத்தான் சொன்னேன். "சரி, நாளைக்கு வெடியால வா. கூட்டிட்டுப் போ"ன்னேன். அவ மூஞ்சியப் பாத்திருக்கோணும் நீங்க. கையெடுத்துக் கும்புட்டா. கட்டுப் போட்ட கையோட.

அடுத்த நாளு ஞாயித்துக்கெழமை. தம்பி கறி எடுத்தாந்தான். வெந்ததும், மொதச் சோறு செவலைக்குத்தான் வெச்சேன். கறியும் நெஞ்செலும்பும் போட்டு, மருந்து கலந்து, நானே பக்கத்துல உக்காந்து வெச்சேன். கடிச்ச நாய வெச்சிருக்கக் கூடாதுங்க, அது சட்டமே இருக்குதாமா. இல்லாட்டியும் நாளைக்கு வேற ஆரையாவது கடிச்சா ஆரு பதில் சொல்றது? ஊரு நல்லதுக்குத்தான் செஞ்சேன். நாயிக்கு என்ற மேல சந்தேகமே இல்ல, மளமளன்னு தின்னுச்சு. தின்னுட்டு என்ற கைய நக்குச்சு. கால் மணி நேரந்தான். நெம்பக் கஷ்டப்படல. கொஞ்சம் பட்டுச்சு.

அவ ஒம்பது மணிக்கு வந்தா. கூடையில ஒரு பழைய துண்டு மடிச்சு வெச்சிருந்தா, கயிறு வெச்சிருந்தா. குட்டியா அது, கூடையில உக்கார? நான் கேட்டத் தெறந்து விட்டேன். "கூட்டிட்டுப் போ, அவத்தக் கெடக்குது"ன்னேன்.

அழுவான்னு நெனச்சேன். மண்ண வாரித் தூத்துவா, ஊரக் கூட்டுவான்னு தம்பிய வேற வாசல்ல நிக்க வெச்சிருந்தேன். அவ ஒண்ணும் பண்ணல. பக்கத்துல உக்காந்து அதோட வாயத் துண்டுல தொடச்சு விட்டா. கண்ண மூடி விட்டா. தூக்கப் பாத்தா, ஒத்தக் கையில முடியல. ஆரும் ஒதவிக்குப் போகல. தம்பி ஒரு அடி முன்னால எடுத்து வெச்சான், நான் "பூபதி"ன்னேன், நின்னுக்கிட்டான். மூணு தடவ தூக்கி மூணு தடவ விழுந்துச்சு. நாலாவது தடவ கேரியர் மேல போட்டு, கயிறு பத்தாம, துப்பட்டாவக் கழட்டிக் கட்டுனா. கால் ரெண்டும் தொங்குது. அப்படியே தள்ளிக்கிட்டு, பேக்கரி வழியாத்தான் போனா. வேற வழி இல்லியா? இருக்குது. ஊரு பாக்கோணும்னுதான் அந்த வழியாப் போனா. அவ்வளவு நெஞ்சழுத்தம்.

அதுக்கப்பறம் இந்த ரோட்டுல வாறதில்லீங்க. வேன்ல போறாளாம். அந்த மட்டுக்கும் நிம்மதி. ஏழரை மணிக்கு வாசல் அவ்வளவு அமைதியா இருக்கும்.

ஆனா கோர்ட்டுல போட்டுட்டா. புள்ளையக் குடுன்னு கேசு. ஆசுபத்திரிச் சீட்டு, தையல் போட்ட சீட்டு, எல்லாத்தையும் பத்திரமா எடுத்து வெச்சிருந்திருக்கா பாருங்க. வாயே பேசாதவ, அங்க போயி ஒண்ணு விடாம அத்தனையும் சொல்றாளாம். எங்க வக்கீலு சொன்னாரு, வீட்டுல புள்ளையப் பாத்துக்க ஒரு பொம்பள இருந்தாத்தான் நம்ம பக்கம் பேச முடியும்னு. நான் இருக்கனேன்னேன். நீங்க அத்தைதானம்மா, கணக்குல வர மாட்டீங்கன்னாரு.

கணக்குல வர மாட்டேனாம்! குளிக்க வெக்கறது நான், சோறூட்டறது நான், தலை சீவறது நான்.

அதுக்கோசரந்தான் இப்ப இந்தச் சம்பந்தம். உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன? தம்பிக்கும் அவளுக்கும் ஊர்ல எழுதித் தீத்தாச்சு, கோர்ட்டுலயும் சீக்கிரம் தீந்துரும். உங்க பொண்ணு ஒண்ணுமே பண்ண வேணாம். வந்து இந்த வீட்டுல இருந்தாப் போதும். பேருக்கு. புள்ளைய அவ தொடக்கூட வேணாம், நான் பாத்துக்குவேன். அவளுக்கும் நல்லதுதான? வயசு முப்பத்தொண்ணு ஆச்சுங்கறீங்க, ரெண்டு எடம் தட்டிப் போச்சுங்கறீங்க. இங்க வந்தா ராணி மாதிரி இருக்கலாம். சைக்கிள் கீக்கிள் ஓட்டுவாளா? சும்மாதான் கேட்டேன்.

ஏன் எந்திரிக்கறீங்க? இருங்க. தம்பி வந்துருவான். புள்ளையப் பாக்காமப் போனா எப்படி? பாருங்க, அந்தக் கதவுக்குப் பின்னால நிக்கறா. ரொம்ப நேரமா அங்கதான் நிக்கறா. நில்லுன்னா நிப்பா, உக்காருன்னா உக்காருவா. இந்த ஏழு மாசத்துல ஒரு நாளு, ஒரே ஒரு நாளு கூட அழுதது இல்லீங்க. அவ்வளவு நல்ல புள்ளையா ஆயிட்டா. பேச்சுத்தான் கொறஞ்சு போச்சு. டீச்சரு எழுதி அனுப்பியிருந்தாங்க, வகுப்புல வாயே தெறக்கறதில்லேன்னு. டாக்டர்கிட்டக் காட்டச் சொன்னாங்க. எதுக்குங்க டாக்டரு? ஆத்தா மாதிரி கொஞ்சம் அழுத்தம், வேற ஒண்ணுமில்ல.

கனி, வா கண்ணு. வந்து இவிய முன்னால நில்லு. பயப்படக் கூடாது. தலைய நிமித்து.

பாத்தீங்களா, எவ்வளவு லட்சணமா இருக்கா?

இவியகிட்டச் சொல்லு கண்ணு. ராத்திரியெல்லாம் சொல்லிக் குடுத்தேன்ல? நான் உனக்கு ஆரு? சொல்லு. அத்தையில்ல. என்ன சொல்லோணும்?

அம்மா. சொல்லு. அம்மா.

சொல்லுவாளுங்க. புது ஆளு நிக்கறீங்கல்ல, அதுதான் கூச்சம். கேட்டத் தெறக்காதீங்க்கா, ஒரே நிமிசம். நீங்க கேட்டுட்டுத்தான் போகோணும்.

கனி. இங்க பாரு. என்னையப் பாரு. அம்மா. சொல்லு.